மாடிப்படியில் ஒரே வாய்

தூக்குகிற கை எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், பேசுகிற வாய் ஒன்றுதான் இருக்க வேண்டும். மாடிப்படியில் பாரம் இறங்கும்போது பீரோ போட்டு வைத்த சட்டம் இது. முதுகு ஒடிகிறதா, ஒடியட்டும். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்திருக்கிறதா, உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். அவர் 'தூக்கு' என்றால் தூக்கணும், 'நில்லு' என்றால் நிற்கணும். மற்ற வாயெல்லாம் வீட்டில் சோறு தின்பதற்கு மட்டும்.

பீரோ என்பது அவர் சம்பாதித்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவர் மனைவியே ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். வாலிபத்தில் ஒருநாள், கண்ணாடி பதித்த இரும்பு பீரோ ஒன்றைத் தன்னந்தனியாக முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறினார். நடுவில் எங்கும் இறக்கி வைக்கவில்லை. கண்ணாடியில் கீறலும் இல்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இன்றைக்கும் உரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நாலாம் வகுப்போடு கும்பிடு போட்டவர். மூட்டை தூக்கினார், தள்ளுவண்டி தள்ளினார், வாடகை வண்டி ஓட்டினார். இன்றைக்கு வாசலில் சொந்தமாக இரண்டு வேன் நிற்கிறது, இரண்டின் நெற்றியிலும் அவர் பெயர். பெரிய பெரிய படிப்பு படித்தவன்கூட வீடு மாற்ற வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அதைச் சொல்லிக்காட்டுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. எதற்குக் கூச்சப்பட வேண்டும்? உழைத்தவன் சொல்லாமல் உட்கார்ந்து தின்றவனா சொல்வான்?

வீடு மாற்றுவதைத் தூக்குகிற வேலை என்று நினைக்கிறவர்கள் வேலை தெரியாதவர்கள். அது வரிசை வேலை. கடைசியில் ஏறுவது முதலில் இறங்கும். கட்டிலைப் பூட்டுகிற ஸ்பேனர் பை அடியில் போய்விட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் தரையில்தான் படுக்க வேண்டும். பீரோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தாரென்றால் அவர் மண்டைக்குள் வேன் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அப்புறம் வாய்தான் வேலை செய்யும்.

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது.

முதலில் வந்தது சிரிப்பாகத்தான் வந்தது. புதிதாய் வீடு வாங்கிய ஒரு தம்பதியின் சாமான். அந்தம்மா அலங்கார மேஜையின் டிராயரைத் திறந்து காட்டி, "அண்ணே, புது வீட்டுச் சாவி இதுக்குள்ள இருக்கு. இதைக் கடைசியா ஏத்துங்க" என்றாள்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களாம்மா?" என்று பீரோ சிரித்தார்.

புது வீட்டு வாசலில் வேன் கதவைத் திறந்தால் முன்னால் மெத்தை, பின்னால் ஃபிரிட்ஜ், அதற்குப் பின்னால் கட்டில் சட்டங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால், டிரைவர் சீட்டின் முதுகை ஒட்டி, அந்த மேஜை. சாவிக்காக ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானையும் நடுத்தெருவில் இறக்கினார்கள். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏலம் எப்போது ஆரம்பம் என்று கேட்டார்.

"எந்த மடையன்டா இதை உள்ளே தள்ளினவன்?" என்று பீரோ கத்தினார்.

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மனைவியின் தம்பிதான், இருபது வயதிலிருந்து கூட நிற்கிற மச்சினன், மெதுவாகச் சொன்னான்: "மாமா, நீங்கதான் இதை மொதல்ல ஏத்தச் சொன்னீங்க."

"நான் சொல்வேனா?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். ஆனா சொன்னீங்களே."

அங்கேதான் அவருக்குக் குழப்பம் பிடித்தது. மறந்திருந்தால் போகட்டும், வயசு என்று விட்டுவிடலாம். அவர் மறக்கவில்லை. அந்தம்மா டிராயரைத் திறந்தது, சாவியில் பச்சைக் கயிறு கட்டியிருந்தது, மேஜைக் கண்ணாடியின் மூலையில் பாதரசம் உதிர்ந்திருந்தது, எல்லாம் கண் முன்னால் நின்றது. 'கடைசி' என்ற சொல்லும் காதில் இருந்தது. எல்லாம் இருந்தும் வாய் எப்படி 'முதலில்' என்றது? யோசிக்க யோசிக்க, நூல்கண்டைப் பூனையிடம் கொடுத்த மாதிரி ஆயிற்று.

அதற்கப்புறம் கால். வாசல்படி வந்தால் கால் நின்றுவிடும். தரையில் பசை தடவி வைத்த மாதிரி உள்ளங்கால் ஒட்டிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க வாசலோடு மல்லுக்கட்டிய மனிதர், எந்த வாசலில் எந்தச் சோபா எப்படிச் சாய்ந்தால் நுழையும் என்று தெரிந்தவர், வெறும் கையோடு வாசலில் நின்று தவித்தார். செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து சமாளித்தார்.

"என்னங்க, அந்தச் செருப்போட அப்படி என்ன பேச்சு?" என்பாள் மனைவி.

"புதுச் செருப்பு, கடிக்குது."

"போன வருஷம் வாங்கினது இப்பத்தான் பல்லு முளைச்சுதா?"

அவள் வாயை ஜெயித்தவர் யார்? அவர் பேசாமல் நகர்ந்துவிடுவார், கால் விட்டால்.

பிறகு வந்தது சிரிப்பாக வரவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு, மூன்றாவது மாடி. இரும்பு அலமாரி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கயிற்றைப் பிடித்தபடி டிரைவர். கீழே முழுப் பாரத்தையும் தோளில் வாங்கியபடி மச்சினனும், ரேடியோ என்கிற லோடுமேனும். ரேடியோவுக்குத் தூக்கத்திலும் வாய் ஓயாது. ஆனால் படியில் மட்டும் அவனும் கல். பீரோ படிகள் திரும்புகிற இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, வலது கையைத் தூக்கியபடி நின்றார்.

"வரட்டும். இன்னும் ஒரு படி. வரட்டும். நில்லு."

நின்றது.

இனிமேல் மூன்று வேலை. முதலில் அலமாரியை நிமிர்த்த வேண்டும், பிறகு திருப்ப வேண்டும், பிறகு அடுத்த படிவரிசைக்குச் சாய்க்க வேண்டும். ஆயிரம் தடவை சொன்ன மூன்று சொற்கள். மூன்றும் அவரிடம் இருந்தன. ஆனால் ஒரே வாசலில் மூன்று குண்டு ஆசாமிகள் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் எப்படி இருக்கும்? தோளும் தோளும் இடித்துக்கொண்டு ஒருத்தனும் வெளியே வரவில்லை. நிமித்து, திருப்பு, சாய். சாய், நிமித்து, திருப்பு. எது தலை, எது வால்? தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

கீழே மச்சினனின் கழுத்து நரம்பு புடைத்தது. ரேடியோவின் கால் நடுங்கியது. டிரைவரின் உள்ளங்கையில் கயிறு ஒரு விரற்கடை நழுவியது. ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. சட்டம் அப்படி. அவர் வளர்த்த பிள்ளைகள் அப்படி.

"என்னப்பா, போட்டோவா எடுக்கிறீங்க?" என்று மேலேயிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார்.

கயிறு இன்னும் நழுவியது.

"நிமித்து!" என்று கத்தினான் மச்சினன்.

நிமிர்த்தினார்கள். அலமாரி 'தடால்' என்று நின்றது. நிற்கும்போது மச்சினனின் இடது கை மோதிர விரலைக் கைப்பிடிக் கம்பியோடு வைத்து நசுக்கியது. நகம் பிய்ந்து தொங்கியது. அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டான்.

பீரோவுக்கு அப்போதுதான் கை இறங்கியது, வாயும் திறந்தது. திறந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"யார்டா அது ரெண்டாவது வாய்?"

மச்சினன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். விரலை வாயிலிருந்து எடுத்தான். "நான்தான். மொதல் வாய் செத்துப் போச்சுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். மறுநாள் வேலைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வீட்டில் மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"என் தம்பி விரல் உங்க சட்டத்துக்கு நேர்த்திக்கடனா?"

"படியில பேசினா தப்புதானே?"

"நீங்க ஏன் பேசல?"

பதில் தெரிந்தால் அவரே முதலில் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாரா? "யோசிச்சேன்" என்றார்.

"இத்தனை வருஷத்துல இல்லாத யோசனை!"

வேலைக்கு வருகிற போனெல்லாம் எடுத்து, எந்த வேன் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள் மகள். அவள் சத்தம் போடவில்லை. சாவி விஷயம், செருப்பு விஷயம், இது, மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அப்பாவின் பிள்ளை அல்லவா? மறுவாரம் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஒரு பெண், மகள் வயசுதான். பீரோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தேதி கேட்டாள், சொன்னார். அஞ்சு சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். நாலு தானாக வந்தது, ஐந்தாவதற்கு அடி எடுத்துக் கொடுத்ததும் அதுவும் வந்தது.

"ஞாபகத்துல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது டாக்டரம்மா. நான் சாமான் இறக்கின எந்த வீட்டை வேணாக் கேளுங்க, எந்தப் படி உடைஞ்சிருக்குன்னு சொல்றேன்."

"நல்லது. இப்ப நான் செய்யற மாதிரி செய்யுங்க" என்று டாக்டர் மேஜை மேல் கையை வைத்தாள். முதலில் மூடிய முஷ்டி. அடுத்து, கையை நிமிர்த்தி விளிம்பால் ஒரு தட்டு. அடுத்து, உள்ளங்கையை விரித்து ஒரு தட்டு. முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை.

இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று பீரோ ஆரம்பித்தார். முஷ்டி. உள்ளங்கை. இல்லை. முஷ்டி, விளிம்பு, முஷ்டி. இல்லை. முஷ்டி. முஷ்டி. இரும்பு தூக்கிய கை மேஜை மேல் முஷ்டியாகவே கிடந்தது. பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. இது எங்கேயிருந்து வந்தது என்று அதற்கும் திகைத்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திரையில் போட்டாள். வெட்டிய முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு பக்கமும் பால் சிந்திய மாதிரி வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள்.

"மூளைக்குள்ள தலைமுடி மாதிரி மெல்லிசா ரத்தக்குழாய்ங்க இருக்கு. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு பல வருஷமா இருந்திருக்கு. மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"தலை வலிச்சா போட்டுக்குவேன்."

"அது வலிக்காமலே அடிக்கும். அடிச்சு அடிச்சு அந்தக் குழாய்ங்க தடிச்சுப் போய், உள்ள வழி சுருங்கிடுச்சு. ரத்தம் சரியாப் போகாத இடம் இந்த வெள்ளை. இந்தச் சின்னக் கறுப்புப் பொட்டு தெரியுதா? இதெல்லாம் குட்டி ஸ்ட்ரோக். உங்களுக்கே தெரியாம வந்து போனது."

"எனக்கா? கை காலெல்லாம் இழுக்கலையே. ஞாபகமும் இருக்குதே?"

டாக்டர் படத்தின் மேல் விரலை வைத்தாள். "மூளையை ஒரு வீடுன்னு வெச்சுக்குங்க. சாமான் எல்லாம் அறைக்குள்ள பெரும்பாலும் பத்திரமா இருக்கு. அறைக்கும் அறைக்கும் நடுவுல இருக்கிற நடைவழிதான் கெட்டுப்போச்சு. அதனாலதான் தெரிஞ்சதை வரிசையா வெளியே கொண்டு வர முடியல. காலு ஒட்டிக்கிறதும் இதனாலதான்."

சாமான் இருக்கிறதாம், நடைவழி இல்லையாம். அது மட்டும் அவருக்குப் புரிந்தது. நடைவழி இல்லாத வீட்டில் சாமான் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

"சரியாகுமா?"

"போனதைத் திருப்ப முடியாது. இன்னும் போகாமப் பாத்துக்கலாம். மாத்திரை தினமும். சிகரெட் கூடாது. நடக்கணும். இது படி இறங்குற மாதிரி, கொஞ்ச காலம் ஒரே படியில நிக்கும், திடீர்னு ஒரு படி இறங்கும். நிக்கிற படியிலேயே எவ்வளவு நாள் நிறுத்தி வைக்கிறோம்கிறதுதான் நம்ம வேலை."

படியைப் பற்றி அவருக்கே பாடம். வேறு சமயமாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் தொடை மேல் கையைத் தட்டிப் பார்த்தார். முஷ்டி, விளிம்பு, முஷ்டி. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

சொன்னார். அவள் மடித்த துணி மேல் முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை என்று படபடவென்று தட்டிக் காட்டினாள். "இதுக்கா இவ்வளவு காசு வாங்கினா அந்த டாக்டர்?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்து மூன்று தடவை செய்ய வைத்தாள். அவள் பிடித்திருந்த வரைக்கும் வந்தது. விட்டதும் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக் மாற வேண்டியிருந்தது. முன்பே ஒத்துக்கொண்ட வேலை. அந்தச் சாய்வு நாற்காலி ஒன்றே ஒரு குட்டி யானை கனம், அதுவும் இரண்டாவது மாடியில், வளைந்த படியில். மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, படியில இனி நீங்க வாய் கொடுக்கக் கூடாது. யாராவது செத்துப்போவாங்க."

"வேற யார் கொடுப்பா? ரேடியோவா? அவன் வாயைத் திறந்தா நாற்காலி மறுபடி மேல ஏறிடும்."

"மாமா இருக்காரு."

"அவன்தான் வரலையே."

"நீங்க போய்க் கூப்பிட்டா வருவாரு. நீங்கதான் போகணும்."

ராத்திரியெல்லாம் யோசித்தார். சட்டத்தை மீறியவனை வீட்டுப் படியேறிப் போய்க் கூப்பிடுவதா? மீறியிராவிட்டால் ரேடியோவின் கால் போயிருக்கும். அப்படியானால் தப்பு எது? பேசியதா, பேசாமல் நின்றதா? இரண்டும் தப்பென்றால் சரி எங்கே போயிற்று? விடிந்தும் தெளியவில்லை. தெளியாமலே கிளம்பினார்.

மச்சினன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். விரலில் வெள்ளைக் கட்டு, கோழிமுட்டை பெருசு. திரும்பாமலே, "யாரு, முதலாளியா? உள்ள வரலாம், வாசல்ல சட்டம் ஒண்ணும் இல்ல" என்றான்.

பீரோ வாசலில்தான் நின்றார். உள்ளே வர மனசு இருந்தது, கால் வரவில்லை. அவன் அதை வீம்பு என்று நினைத்துக்கொண்டான்.

"விரல் எப்படி இருக்கு?"

"இருக்கு. அதுவே பெருசு."

"நீ வாயைத் திறந்தது தப்பு" என்றார் பீரோ.

மச்சினன் டிவியை அணைத்தான். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"முழுசாக் கேளுடா. திறந்தது தப்பு. ஆனா நிமித்துறதுதான் மொதல்ல. அது சரி."

"அப்ப நான் பேசினது தப்பு, சொன்னது சரி?"

"ஆமா."

"நல்லா இருக்கு மாமா உங்க நியாயம். மாட்டை வித்துட்டு கயித்துக்குச் சண்டை போடுற மாதிரி."

பீரோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வரலடா" என்றார். "தெரியும், ஆனா வரல. டாக்டர் படம் போட்டுக் காட்டினா. மண்டைக்குள்ள பால் கொட்டின மாதிரி இருக்கு. இனிமே எது மொதல்ல, எது அப்புறம்னு நானே என்னை நம்ப முடியாது. பல் டாக்டர் நாற்காலிக்கு நீதான் வாய். அந்த விரலை வெச்சுக்கிட்டு எப்படியும் உன்னால தூக்க முடியாது."

மச்சினன் தன் விரல் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "காபி குடிக்கிறீங்களா?" என்றான்.

கிளினிக்குக்கு பீரோவும் போனார். "பேச மாட்டேன்மா" என்று மகளிடம் வாக்குக் கொடுத்தார்.

"நீங்களா?" என்றாள் அவள்.

வளைந்த படியின் திருப்பத்தில், வழக்கமாக அவர் நிற்கிற இடத்தில், மச்சினன் நின்றான். கட்டுப் போட்ட கையைத் தூக்கினான். பீரோ ஒரு படிவரிசை கீழே, நடையில் நின்று அண்ணாந்து பார்த்தார். நாற்காலி வந்தது. மச்சினனின் குரல் முதலில் தடுமாறியது, பிறகு தடம் பிடித்தது. அவன் அதைத் தலைப்பக்கமாகத் திருப்பினான். பீரோவாக இருந்தால் கால்பக்கமாகத் திருப்பியிருப்பார். நாற்காலியின் இரும்புக் கால் சுவரை நோக்கிப் போவது அவருக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும். அது நெஞ்சிலிருந்து கிளம்பி தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது சரியான சொல்லா? சாவி இருந்த மேஜையை 'முதலில்' என்றதே ஒரு வாய், அந்த வாயா இது? தூக்குகிறவர்கள் இரண்டு பேச்சைக் கேட்டால் யார் பேச்சுக்குக் கை அசையும்?

பீரோ முஷ்டியை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டார்.

இரும்புக் கால் சுவரில் ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டு போனது. நாற்காலி திரும்பியது, சாய்ந்தது, இறங்கியது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. கீழே வந்ததும் ரேடியோவுக்கு வாய்ப்பூட்டு திறந்து, அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான்.

"எப்படி மாமா?" என்றான் மச்சினன், வேர்வையைத் துடைத்தபடி.

"சுவத்துல கோடு போட்டுட்டே. நான்னா போட்டிருக்க மாட்டேன்."

"பாத்தீங்கன்னா சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டாவது வாய் எதுக்கு?"

கம்பீரமாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் உறுத்தியது. அந்தச் சொல்லை அவர் அடக்கினாரா, அல்லது அது வராமலே நின்றதா? முஷ்டி முதலில் வந்ததா, சொல் முதலில் நின்றதா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வரிசை பிடிபடவில்லை.

நாற்காலியை ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, எல்லாரும் வேனில் ஏறினார்கள். பீரோ முன் கதவைத் திறந்துவிட்டு நின்றார். கால் ஒட்டிக்கொண்டது. குனிந்து செருப்பைத் தொட்டார். டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனான். உள்ளே உட்கார்ந்திருந்த மச்சினன் அவன் கையைத் தடுத்தான். செருப்பையும், அதற்குள் தரையோடு ஒட்டிக்கிடந்த காலையும் பார்த்தான். அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் இவர் ஏன் உள்ளே வரவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

இறங்கி வந்து பின்னால் நின்றான். கையைத் தொடவில்லை. படியில் பேசுகிற அதே குரலில், கொஞ்சம் தாழ்த்திச் சொன்னான்: "வலது கால். தூக்கு."

பீரோவின் வலது கால் தரையிலிருந்து பிரிந்தது. அவருக்கே ஆச்சரியம்.

"படியில வை. நில்லு. கம்பியைப் பிடி. இடது. தூக்கு."

ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. உள்ளே ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை. பீரோ கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"அடுத்த தடவை சத்தமாச் சொல்லுடா" என்றார். "வாய்னா தெருவுக்கே கேக்கணும்."